மேல்துணியோடு தாம்பரத்துக்கு

“மேல்துணி முடிந்தது. அக்டோபர் 19, ஞாயிறு. காலையிலிருந்து மழை. ஓரம், பஞ்சு, அடித்துணி மூன்றும் தாம்பரத்தில்.”

நானே எழுதி, துணியின் ஒரு மூலையில் குண்டூசியால் குத்தி வைத்த சீட்டு இது. ஜனவரியில், லண்டனிலிருந்து ரயிலில் இரண்டு மணி தூரமுள்ள கார்டிஃபிலிருந்து புறப்பட்டபோது பெட்டியின் அடியில் அந்தத் துணி இருந்தது, மூலையில் இந்தச் சீட்டோடு. நூலகம் ஒன்றில் பழைய செய்தித்தாள்களுக்கு அட்டவணை போடுவது என் வேலை. தேதி இல்லாத எதையும் எனக்கு நம்பத் தோன்றாது.

வேலை இல்லாத நாட்களில் குவில்ட் தைக்கிறேன். துண்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்த மேல்துணி, நடுவில் மெல்லிய பஞ்சு, கீழே ஓர் அடித்துணி. மூன்றையும் சேர்த்து ஊடே தைத்தால் அதுதான் குவில்ட், குளிர் நாட்டுக்காரர்களின் போர்வை. இந்த மேல்துணி என் அண்ணன் மகள் ஷீபாவின் கல்யாணத்துக்காகத் தைத்தது. இதிலுள்ள சதுரங்கள் எல்லாமே தாம்பரத்தில் வாங்கிய துணி. ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் ஏதாவது ஒரு கடையில் கால் மீட்டர், அரை மீட்டர் வாங்கிப் போய், தேதி எழுதி வைப்பேன். ஷீபா பிறந்த வாரம் வாங்கிய மாம்பழ மஞ்சள் இதில் இருக்கிறது. அவளுக்கு முதல் யூனிஃபார்ம் தைத்தபோது மிஞ்சிய பச்சை இருக்கிறது. வெள்ளம் வடிந்த பிறகு, நனைந்த மூட்டையைப் பிரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் கொடுத்த வெங்காயக் கலர் பாப்ளின் இருக்கிறது. மற்றவர்கள் ஊருக்குப் போய் வந்ததைப் புகைப்படமாக வைத்திருப்பார்கள். நான் சதுரமாக வைத்திருந்தேன்.

மீதி வேலையைச் செம்பாக்கத்தில் அண்ணன் வீட்டில், அம்மாவின் மெஷினில் முடிப்பது என்பது என் திட்டம். கார்டிஃபில் என்னிடம் இருப்பது திரை வைத்த வெள்ளை மெஷின். நூல் சிக்கினால் மூன்று முறை பீப் அடித்துக் கண்டிக்கும். அது எத்தனையோ விதமான தையல் போடும். ஆனால் நேர்கோடு என்றால் எனக்கு அம்மாவின் கறுப்பு மெஷின்தான். நான் முதன்முதலில் கோணாமல் ஒரு கோடு தைத்தது அதில்.

ஜனவரி 17, சனிக்கிழமை. செம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து வந்த காற்றில் போகிப் புகையின் மிச்சம் இருந்தது. அண்ணன் கேம்ப் ரோட்டிலிருந்து இட்லியும் வடகறியும் வாங்கி வந்து வைத்துவிட்டு மறைமலை நகர் ஷிப்டுக்குப் போய்விட்டான். கல்யாணத்துக்குப் பதினைந்து நாள்கூட இல்லாத வீட்டில் எல்லா நாற்காலியிலும் ஏதாவது ஒரு பை உட்கார்ந்திருக்கும். நான் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். வடகறியில் பட்டையின் வாசனை தூக்கலாக இருந்தது. கார்டிஃபில் அதே கடலைப்பருப்பு, அதே பட்டை, அதே கிராம்பு. ஆனாலும் இந்த வாசனை வருவதில்லை. ஏன் என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

மெஷின் ஹாலின் மூலையில் இருந்தது. அதன் மேல் ஒரு லேஸ் துணி, அதன் மேல் வைஃபை பெட்டி. மூடியைத் திறந்து கால்மிதியை அழுத்தியதும் தோல் பெல்ட் அப்பளம்போல் உடைந்து விழுந்தது.

“அது எங்க ஓடுது. அஞ்சாறு வருஷமா அது டேபிள்தான்” என்றாள் எஸ்தர் அண்ணி. நான் மேல்துணியைக் கட்டிலில் விரித்தேன். அண்ணி குனிந்து ஒவ்வொரு சதுரமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு பச்சைச் சதுரத்தைத் தொட்டு, “இது அவ எல்.கே.ஜி. பினாஃபோர்தானே” என்றாள்.

“ஆமா அண்ணி.”

“நல்லாருக்கு நிம்மி. இன்னும் என்ன பாக்கி இதுல?”

“ஓரம் வைக்கணும். உள்ள பஞ்சு வைக்கணும். அடியில ஒரு துணி கொடுத்துத் தைச்சுட்டா முடிஞ்சுது.”

“பஞ்சுதானே? அத நான் பாத்துக்கறேன். நீ ஓரத்தைப் பாரு.”

அண்ணி கடையில் பஞ்சு வாங்கித் தருவாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை தாம்பரம். ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே ஏற்றுமதிக் கம்பெனி அடையாள அட்டை மாட்டிய இரண்டு பெண்கள். இந்தியில் பேசிக்கொண்டு வந்தார்கள். என் அரைகுறை இந்திக்குப் புரிந்தது இவ்வளவு: “ப்ளவுஸ் கையைக் குட்டையா தைச்சுட்டான். போய்க் கேட்டா, உன் கைதான் நீளம்ங்கறான்.” இன்னொருத்தி சிரித்து, “உங்க ஊர் டெய்லரும் இதத்தானே சொல்வான்” என்றாள். எந்த ஊரானாலும் டெய்லர்கள் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறார்கள் போலிருக்கிறது.

கிழக்கிலிருந்து மேற்கே போக ரயில்வே நடைமேம்பாலம். மேலே நின்று பார்த்தால் தண்டவாளங்கள் முன்பைவிட அதிகமாகிவிட்டன, மரங்கள் குறைந்துவிட்டன. நாங்கள் சேலையூரில் வாடகை வீட்டில் இருந்த காலத்தில், மாதத்துக்கு ஒரு முறை அம்மா என்னை இந்த வழியாகத்தான் துணிக்கடைக்குக் கூட்டிப் போவாள். அப்போது பாலத்தின் மேல் வேர்க்கடலை விற்பார்கள். இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். கூட்டம் மட்டும் அன்று போலவே நம்மைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் இறக்கிவிடுகிறது.

சண்முகம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் மேட்சிங் சென்டர். தரையிலிருந்து கூரைவரை ப்ளவுஸ் துணி மட்டுமே. அரக்கு, மயில்கழுத்து, கிளிப்பச்சை, பாசிப்பச்சை, காப்பிப்பொடி, தக்காளி, ஒவ்வொன்றிலும் ஏழெட்டு அழுத்தம். கார்டிஃபில் நான் போகும் கடையில் நிறங்களுக்கு எண் போட்டிருக்கிறார்கள். எண்ணைச் சொன்னால் எடுத்து வெட்டித் தருவார்கள். யாரும் பேசமாட்டார்கள். இங்கே நிறத்துக்குப் பெயர் இருக்கிறது. பெயர் இருப்பதால் சண்டையும் இருக்கிறது.

“எந்தப் புடவைக்குக்கா?” என்று கேட்டாள் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற பெண். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டியிருந்தாள்.

“புடவை இல்லம்மா. போர்வைக்கு ஓரம். கத்தரிப்பூ கலர் வேணும், இந்தத் துண்டோட சேரணும்.”

அவள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். “அக்கா, போர்வைக்கு மேட்சிங் கேக்குறாங்க.”

உள்ளிருந்து பதில் வந்தது. “தூங்கும்போது யாரு பாக்கப் போறா? எடுத்துப் போடு.”

ஐந்து கத்தரிப்பூக்கள் வந்தன. நான் கேட்பதற்கு முன்பே அவள் இரண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “வாங்க, வெளிய வந்து பாருங்க, லைட்டுல ஏமாத்தும்” என்று படியிறங்கினாள். இதற்குத்தான் நான் வந்தேன் என்று அந்த நிமிடம் தோன்றியது. துணியைத் தெருவுக்கு எடுத்து வந்து வெயிலில் பார்ப்பது. கார்டிஃபில் துணிக்கட்டோடு வாசலைத் தாண்டினால் மணி அடித்துவிடும். இங்கே பணம் கொடுக்காத துணியோடு ஒரு ஊரே தெருவில் நிற்கும். அம்மாவும் இப்படித்தான் நிற்பாள், கையைத் துணிக்கு மேல் பந்தலாகப் பிடித்து, நிழலில் ஒரு முறை, வெயிலில் ஒரு முறை. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் கருத்துச் சொல்வார்கள். நான் வெட்கப்பட்டு ரெண்டடி தள்ளி நிற்பேன்.

இந்த முறையும் ஆள் கிடைத்தது. முருங்கைக்காய் கட்டோடு ஆட்டோவுக்கு நின்ற ஒரு அம்மா, கேட்காமலேயே, “லெஃப்ட்ல கீறதுதாம்மா. ரைட்டு துவைச்சா வெளுத்துடும்” என்றார். லெஃப்ட்டையே வாங்கினேன். அடித்துணிக்கு வேறு கடையில் அகலமான மல் துணி. தேதி எழுதினேன்.

மறுநாள் முழுவதும் கல்யாண வேலை. புதன்கிழமை பெல்ட் வாங்க மேற்குத் தாம்பரம் மெஷின் கடைக்குப் போனேன். கடைக்காரர் உடைந்த துண்டைப் பார்த்து, “இத எந்த மியூசியத்துலேந்து எடுத்துட்டு வர்றீங்க” என்று கேட்டுவிட்டு, அளந்து புதுசு வெட்டி, இரும்புக் கொக்கி வைத்துக் கொடுத்தார். எண்ணெயும் ஊசியும் வாங்கிக்கொண்டு பன்னீர் சோடா குடித்துவிட்டு மதியம் வீடு திரும்பினேன். கட்டிலில் மேல்துணி இல்லை.

“அண்ணி, துணிய எங்க வச்சீங்க?”

“குடுத்துட்டேன்” என்றாள் சமையலறையிலிருந்து. குரலில் அப்படி ஒரு திருப்தி. “நேத்தே குடுத்தாச்சு. பள்ளிக்கரணை பாய் கடையில. நம்ம வூட்டு மெத்தை எல்லாம் அவர்தான். நாளைக்கு ரெடின்னுட்டாரு.”

“எது ரெடி?”

“மெத்தைதான்.”

நான் கையிலிருந்த பெல்ட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஞ்சு உள்ளே, துணி மேலே, துணி கீழே, சுற்றித் தையல். நான் சொன்ன வார்த்தைகளை வைத்துப் பார்த்தால் மெத்தையைத் தவிர வேறு எதுவும் வராது. அதுவும் கல்யாண வீட்டில். பெண்ணுக்குக் கட்டில், மெத்தை, இரண்டு தலையணை கொடுத்து அனுப்பும் வீட்டில், அமெரிக்காவோ ஐரோப்பாவோ எங்கிருந்தோ அத்தை கொண்டுவந்த பூப்பூவான துணி வேறு எதற்காக இருக்க முடியும்.

“அண்ணி, அது மெத்தைக்கு இல்ல. போத்திக்கறதுக்கு.”

அண்ணி கரண்டியோடு வெளியே வந்தாள். “போத்திக்கறதுக்கா?” என்றாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை அண்ணி பாய்க்குப் போன் மேல் போன் போட்டும் அவர் எடுக்கவில்லை. வியாழன் காலை இருவரும் கிளம்பினோம். மேடவாக்கம்வரை ஷேர் ஆட்டோ. கூட்ரோடு தாண்டியதும் அது இருமி நின்றது. டிரைவர் இறங்கி அடியில் குனிந்து பார்த்து, “கேஸ் முடிஞ்சிப்போச்சி, பேஜாருபா” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, எங்களைப் பார்த்து, “அக்கா, அப்டிக்கா நடந்தா பஸ்ஸு வரும்” என்றார். பஸ் வரவில்லை. அண்ணி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். தைத்த ஆள் நான். எனக்கு என்ன தோன்றியது என்றால், மெத்தையின் மேல் படுக்கை விரிப்பு போடுவார்கள். அவ்வளவு நாள் மூலைக்கு மூலை சேர்த்துத் தைத்தது ஒரு விரிப்புக்கு அடியில், மனிதர்களின் பாரத்துக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாமல் கிடக்கும். நான் குவில்ட் தைப்பதே பார்ப்பதற்காகத்தான். அதை எப்படி அண்ணியிடம் சொல்வது என்று தெரியவில்லை.

பிறகு ஒரு ஆட்டோ கிடைத்தது. சதுப்பு நிலத்தை ஒட்டி ரோடு திரும்பும் இடத்தில் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகப் பறவைகள் நின்றன. சின்ன வயதில் இந்தப் பக்கம் ரயிலும் இல்லை, வீடும் இல்லை, இது ஒரு வெளி. இப்போது பறவைகளுக்குப் பின்னால் கட்டிடங்கள்.

மெத்தைக் கடை தூரத்திலிருந்தே தெரிந்தது, வாசலில் பறந்துகொண்டிருந்த இலவம் பஞ்சால். உள்ளே தரையில் என் மேல்துணி மேடாகப் படுத்திருந்தது. பக்கங்களுக்குச் சிவப்புக் கோடு போட்ட மெத்தைத் துணி. கடைக்காரர் கையில் முழம் நீள ஊசியோடு எழுந்தார். தாடியிலும் பஞ்சு.

“வாங்க, வாங்க. உங்க அவசரத்துக்கு நைட்டெல்லாம் குந்திகினு முடிச்சேன். சீட்டுல அக்டோபர் பத்தொன்பதுன்னு போட்டிருந்திச்சி. இன்னாடா இது, டெலிவரி மூணு மாசம் லேட்டாயிடுச்சேன்னு எனக்கே பேஜாராப் போச்சி.”

என் வாழ்க்கையில் நான் எழுதிய தேதிச் சீட்டுகளில் ஒருவரையும் அவசரப்படுத்தியது இது ஒன்றுதான்.

“பாய், இது போர்வை” என்றாள் அண்ணி.

“போர்வையா?” அவர் மெத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “யாருமே சொல்லலியேமா. உள்ள பஞ்சுன்னீங்க, ஜம்முனு அடிச்சி வச்சிகீறேன். ஓரத்துல பிசிறா இருந்திச்சி, நறுக்கிட்டேன். பிரிக்கறதுன்னா பிரிச்சிடலாம். ஆனா ஓரத்துக் கட்டம் கொஞ்சம் போயிடும்.” பிறகு ஆறுதலாக, “மேல பெட்ஷீட் போட்டா இன்னா தெரியப் போவுது” என்றார்.

அண்ணி பஞ்சு மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள். “எல்லாம் வாங்கியாச்சு, மெத்தை மட்டும் வாங்கல” என்றாள், என்னைப் பார்க்காமல். “நீ அத விரிச்சப்போ, இதவிட நல்ல மெத்தை இந்தத் தாம்பரத்துல யாரு குடுப்பான்னு நினைச்சேன். கடையில வாங்குற அந்தப் பூப்போட்ட மெத்தை எல்லாரும்தான் குடுக்குறாங்க. பிரிச்சுடுங்க பாய். அவ கஷ்டப்பட்டு தைச்சது.”

பாய் ஊசியைக் கீழே வைத்தார். பிரிப்பதா, மூடுவதா, என் வார்த்தைக்காக இருவரும் காத்திருந்தார்கள். நான் ஷீபாவுக்குப் போன் போட்டேன். அவளுடையதல்லவா. துரைப்பாக்கத்தில் வேலை, ஸ்கூட்டியில் அரை மணியில் வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டுச் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தாள். அப்படியே மெத்தையின் மேல் மல்லாந்து படுத்தாள்.

“ஐயோ, கடையிலடி” என்றாள் அண்ணி.

“மெத்தைக் கடையில படுக்காம வேற எங்க மம்மி படுக்கறது.” ஷீபா கையை நீட்டிச் சதுரங்களைத் தடவினாள். “இந்தப் பச்சை என்னுது. இந்த வெங்காயக் கலர் எனக்கு ஞாபகம் இருக்கு, அந்தக் கடை முழுக்க சேறு. அத்தை, ஒண்ணு கேக்கலாமா? கோச்சுக்காதீங்க.”

“கேளு.”

“இந்த ஊர்ல மே மாசம் யாரு அத்தை போத்திக்கறா?”

பாய் திரும்பிக்கொண்டு தாடியிலிருந்த பஞ்சைத் தட்டினார். ஏசி இருக்கிறதே என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கார்டிஃபில், ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாம்பரத்துக்குப் போர்வை தைத்தேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. தேதி, கடை, நிறம் எல்லாவற்றையும் எழுதி வைத்தவள், வெயிலை எழுதி வைக்கவில்லை.

“பாய், இனிமே என்ன வேலை பாக்கி?” என்று கேட்டேன்.

“குத்து போடணும்.” மேலிருந்து கீழே அந்த நீள ஊசியால் நூலை இழுத்து முடிச்சுப் போடுவது. இல்லாவிட்டால் பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்கிவிடும்.

“எங்க எங்க போடுவீங்க?”

“ஒரு சாணுக்கு ஒண்ணு. கண்ணளவுதான்.”

“கட்டத்து நடுவுல வேணாம். நாலு மூலை சேர்ற எடத்துல மட்டும் போடுங்க.”

அவர் யோசித்தார். “கணக்கு நெறைய வரும்மா.”

“வரட்டும்.”

சாக்பீஸை நானே வாங்கிக் குறித்தேன். அண்ணி ஒரு பக்கம் குறித்தாள். ஷீபா எழுந்திருக்க மறுத்ததால் அவளைச் சுற்றிக் குறித்தோம். பாய் ஊசியை இறக்கி, அடியிலிருந்து இழுத்து, முடிச்சை ஒரு முறை தட்டிப் பார்த்தார். மூன்று அடுக்கையும் ஊடுருவி முதல் தையல். முறைப்படி பார்த்தால் அதுவும் ஒரு குவில்ட்தான், கொஞ்சம் தடியான குவில்ட். இதை நான் கார்டிஃபில் எங்கள் குவில்ட் சங்கத்தில் சொன்னால் ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை, கத்தரிப்பூ துணி வீணாகக் கிடக்கிறதே என்று அம்மாவின் மெஷினில் புது பெல்ட்டை மாட்டினேன். இரண்டு தலையணை உறை. கால் பழக்கம் விட்டுப்போயிருந்தது. முதல் மிதியில் சக்கரம் பின்பக்கம் சுழன்று நூல் அறுந்தது. “வெளிநாட்டு மெஷின்ல கால் எதுக்கு, அங்கயே வச்சுட்டு வந்துட்டா” என்று அண்ணி வாசலில் இருந்து சொன்னாள். அவள் என்னைக் கிண்டல் செய்தது அந்த இரண்டு நாளில் அதுதான் முதல் முறை. மூன்றாவது மிதியில் பிடிபட்டது. அந்தச் சத்தம் வந்தது. சேலையூர் வீட்டில் அண்ணனும் நானும் அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் வாய்ப்பாடு படித்தோம். விமானப்படை விமானம் மேலே போகும்போது அம்மா மிதிப்பதை நிறுத்துவாள், அது போன பிறகு விட்ட இடத்தில் தொடங்குவாள். ஏன் நிறுத்தினாள் என்று கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை ஒரு விமானம் போனது. நானும் நிறுத்தினேன்.

ஜனவரி 28, புதன், கல்யாணம். சாப்பாட்டில் பிரியாணி, தால்சா, கத்தரிக்காய், கடைசியில் பிரெட் அல்வா. சம்பந்தி வீட்டு உறவுக்காரர் ஒருவர் என்னிடம், “லண்டன்ல இதெல்லாம் கிடைக்குமா” என்று கேட்டார். கார்டிஃப் என்று திருத்தினேன். “அதுவும் லண்டன்தானே” என்றார்.

மறுநாள் மறைமலை நகரில் மாப்பிள்ளையின் வாடகை வீட்டுக்குச் சீர் சாமான் போனது. கட்டிலின் மேல் மெத்தை, அதன் தலைமாட்டில் கத்தரிப்பூ உறை போட்ட தலையணைகள். வந்த பெண்கள் வரிசையாகக் குனிந்து உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தார்கள். ஒருவர் முடிச்சுகளைக் காட்டி, “மூலைக்கு மூலை கரெக்டா வந்திருக்கு பாரு” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

“எந்தக் கடை?” என்று அண்ணியைக் கேட்டார்கள்.

“கடை இல்ல. எங்க நாத்தனார் தைச்சது” என்றாள் அண்ணி. அதை அவள் சொன்ன விதத்துக்காக இன்னொரு மேல்துணியைக் கூட மெத்தைக் கடைக்குக் கொடுக்கலாம்.

பிறகு மாப்பிள்ளையின் அம்மா உள்ளேயிருந்து புது விரிப்பு ஒன்றை உதறிக்கொண்டு வந்தார். ரோஜாப்பூ போட்டது. “புது மெத்தை, அழுக்காயிடப் போவுது” என்று நான்கு மூலையிலும் அழகாக மடித்துச் செருகினார். நல்ல மனுஷி. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். மஞ்சள், பச்சை, வெங்காயக் கலர் எல்லாம் ரோஜாப்பூவுக்குக் கீழே போயின. ஷீபா அறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நான் காபி குடிக்கப் போய்விட்டேன்.

கார்டிஃபுக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. நேற்று ஷீபா போனில் பேசினாள். மாமியார் ஊருக்குப் போன அன்றே விரிப்பை எடுத்துவிட்டார்களாம். மெத்தையின் மேல் அப்படியேதான் படுக்கிறார்களாம். ஒரு படம் அனுப்பு, தேதி போட்டு வைத்துக்கொள்கிறேன் என்றேன். “பெட்ரூமையெல்லாம் யாராவது போட்டோ எடுத்து அனுப்புவாங்களா அத்தை” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எனவே பிப்ரவரி மாதத்துக்கான என் குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: விரிப்பு எடுக்கப்பட்டதாக ஷீபா சொல்கிறாள். நேரில் பார்க்கவில்லை. இன்னும் சரிபார்க்கப்படாத தகவல்.